லென்ஸுக்கு அந்தப் பக்கம்

என் மனைவியை நான் அதிகம் பார்த்தது தொலைக்காட்சியில்தான். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வளைகுடாவில் இருப்பவன் மனைவியை எதில் பார்த்தால் என்ன, போனைவிட டிவி பெரிது என்று நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன்.

நாங்கள் இருவரும் நிலவியல் படித்தவர்கள். திருநெல்வேலியில் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. அதனால் கல்யாணமான பிறகும் ஒருவரை ஒருவர் 'நீ' என்றுதான் சொல்லிக்கொள்வோம். நாலு பேர் முன்னால் மட்டும் அவள் 'நீங்க' என்பாள். அந்த மரியாதையைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். படிப்பு முடிந்ததும் அவள் ஆராய்ச்சிக்குப் போனாள். கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று நான் மண் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தேன். அந்தக் குட்டிச்சுவர் ஷார்ஜாவில் இருந்தது. ரெண்டு வருஷம் என்று சொல்லி வந்தவன்தான், ஏழெட்டு வருஷம் ஓடிவிட்டது.

இருவருக்கும் தொழில் மணல்தான். கட்டடம் எழும்பப் போகிற இடத்தில் துளை போட்டு மணலை எடுத்து, இது எவ்வளவு பாரம் தாங்கும் என்று நான் பார்ப்பேன். அவள் அகழாய்வுக் குழியின் சுவரில் இரும்புக் குழாயை அடித்துச் செருகி மணலை எடுத்து, இது கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று கணிப்பாள். மணல் புதைந்த நாளிலிருந்து தனக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு சக்தியைச் சேர்த்துக்கொண்டே வரும். வெளிச்சம் பட்டால் அத்தனையும் போய்விடும். அதனால் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டுதான் மாதிரி எடுப்பார்கள். "உனக்கென்ன, நீ எடுக்கிற மண்ண வெயில்லயே காயப்போடலாம்" என்று என் வேலையைக் கேலி செய்வாள்.

எங்கள் மாவட்டத்தில் ஒரு அகழாய்வு நடந்தபோது செய்தி எடுக்க வந்த சேனல்காரர்கள், மணலுக்கு எப்படி வயது சொல்கிறீர்கள் என்று அவளிடம் கேட்டிருக்கிறார்கள். "மாவு புளிச்சிருக்கறத வச்சு எப்ப ஆட்டினதுன்னு சொல்றோம்ல, அது மாதிரிதான்" என்றாளாம். அந்தத் துண்டு ஊரெல்லாம் சுற்றியது. பேராசிரியர்கள் முகம் சுளித்தார்கள். சேனல்காரர்கள் திரும்பி வந்து, வாரம் ஒரு அரைமணி நேரம் வரலாறும் தொல்லியலும் பேசுகிறீர்களா என்று கேட்டார்கள். ஆய்வுக்கூட வேலையையும் விடாமல், வார விடுமுறைகளில் மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கி அவள் அந்த நிகழ்ச்சியை நடத்த ஆரம்பித்தாள்.

ஷார்ஜாவை ஒட்டிய அஜ்மானில் நாங்கள் நாலு பேர் ஒரு அறை. மூத்தவர் நாகர்கோவில் பக்கத்து ஏ.சி. மெக்கானிக், எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பரோட்டா வாங்கி வந்து, டிவிக்கு முன்னால் பேப்பரை விரித்து, "வாங்கவே, தங்கச்சி வாற நேரமாச்சு" என்று கூப்பிடுவார். என் மனைவி முதுமக்கள் தாழிக்குள் எட்டிப் பார்ப்பதையும், கல்வெட்டின் மேல் கையை வைப்பதையும் நாங்கள் சால்னாவோடு பார்ப்போம். அவள் டிவியில் 'செய்கிறோம்' என்பாள். வீட்டில் 'செய்யுதோம்' என்கிறவள். அந்த ஒரு சொல் வரும்போதெல்லாம் அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார்.

அவள் திரையிலிருந்து நேராகப் பார்த்துப் பேசுவாள். சில பேர் பேசும்போது கண் அங்கும் இங்கும் ஓடும். இவளுக்கு அது கிடையாது.

"வே, அவ என்னயத்தான் பாக்கா" என்பார் அண்ணாச்சி. "பல்லு வெளக்காம உக்காந்திருக்கேன்னு தெரிஞ்சு போச்சு."

இல்லை, என்னைத்தான் என்று மற்றவர்களும் உரிமை கொண்டாடுவார்கள். டிவியில் பேசுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் தெரிவார்கள் என்று நான் விளக்கம் சொல்வேன். படித்தவன் இல்லையா. துபாயில் சோனாப்பூர் பக்கத்தில் ஒரு இடத்தில் துளை போடப் போனபோது, சிவகங்கைக்காரர் ஒருவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து, "சார், அவங்க உங்க வீட்டம்மாவாமே, எங்க ஊர்லயும் தாழி கெடக்கு, வரச் சொல்லுங்க" என்றார். எனக்குப் பெருமைதான். ஆனால் ஊர் பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் அரைமணி நேரம் ஆற அமரப் பேசுகிறாள், எனக்கு மட்டும் போனில் 'சாப்ட்டியா', 'மோட்டார் ஓடல', 'உங்கம்மாவுக்கு சுகர் ஏறிருக்கு' என்று நினைத்துக்கொள்வேன். அதில் ஒரு வருத்தம் இருந்தது. பொறாமை என்றே சொல்லலாம், யாருக்குப் பயம்.

குழந்தை இல்லையா என்று கேட்காதவர்கள் ஊரில் கிடையாது. அதற்கு இரண்டு பேரும் ஒரே ஊரில் இருக்க வேண்டும் ஐயா என்று ஒரு கல்யாண வீட்டில் சொல்லிவிட்டேன். அவள் என் காலை மிதித்தாள்.

போன வருஷம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இனி இப்படி முடியாது, அவளை இங்கே கூட்டி வந்துவிட வேண்டும். பக்கத்துத் தெருவில் ஒற்றை அறையும் சமையல் மேடையுமாக ஒரு ஸ்டுடியோ வீடு பிடித்துக் குடிபோனேன். ஜன்னலுக்குத் திரைச்சீலை வாங்கினேன். நிறம் தேர்ந்தெடுக்க இரண்டு முறை கடைக்குப் போய்த் திரும்பி, கடைசியில் அண்ணாச்சி எடுத்துக் கொடுத்ததை மாட்டினேன். தனி வீட்டில் அலமாரியின் ஒரு பக்கத்தைக் காலியாக வைத்துக்கொண்டு படுப்பது, நாலு பேர் அறையில் படுப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. டிவி வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பழைய அறைக்கே போய்விடுவேன். இல்லாவிட்டால் அண்ணாச்சிக்குக் கோபம் வரும்.

போனில் கேட்க எனக்கு மனமில்லை. நேரில்தான் கேட்க வேண்டும், முகத்தைப் பார்த்து. டிவியை விட்டுவிடு, வந்துவிடு. அவள் சரி என்றால் என் வாழ்க்கை ஆரம்பிக்கும். முடியாது என்றால் என்ன செய்வது என்று நான் யோசிக்கவே இல்லை.

அப்போதுதான் அவள் ஒரு நாள், "ஒன் ஊருக்கு வாறேன்" என்றாள். கடல் கடந்து வணிகம் செய்தவர்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி. இந்தக் கரையில் ஒரு நாளும் அருங்காட்சியகத்தில் ஒரு நாளும் படம் பிடிக்க அனுமதி கிடைத்திருக்கிறது. மூன்று நாள் பயணம். மறுநாள் காலை முதல் வேலையாக என் எகிப்து மேனேஜரிடம் லீவு கேட்டேன். வைஃப் வருகிறாள் என்றதும், "யல்லா, போ" என்றார்.

மூன்று நாள் என்பது அவள் கணக்கு. என் கணக்கில் மூன்று நிமிஷம் தேறவில்லை. அவளோடு இயக்குநர் ஒரு இளைஞர், கேமராக்காரர் ஒரு நரைத்த மனிதர், ஒலிப்பதிவுக்கு ஒருவர் வந்தார்கள். வந்த அன்று மூவரையும் என் வீட்டுக்கே சாப்பிடக் கூட்டி வந்துவிட்டாள். நான் ஆசையாக வைத்த நெய்மீன் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே எந்த இடத்தில் நிற்பது, எங்கே நடப்பது என்று பேசினார்கள். திரைச்சீலையை யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் போனதும் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினால், மறுநாள் பேச வேண்டியதை எழுதிய தாளைக் கையில் பிடித்தபடி அவள் தூங்கியிருந்தாள். மறுநாள் அருங்காட்சியகத்தில் சிவப்புச் சூதுபவள மணிகளுக்கு முன்னால் அவள் நிற்க, அவள் முகம் தெரியாத ஓரத்தில் நான் விளக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணாச்சி ஒரு நண்பரின் பெரிய வண்டியை வாங்கி வந்து எங்களுக்காக ஓட்டினார். பின்சீட்டில் நானும் அவளும் உட்கார்ந்தோம். எங்கள் இருவருக்கும் நடுவில் கேமராவின் முக்காலி நீட்டிப் படுத்திருந்தது. அதன் மேல் கையை வைத்தாள், அந்தக் கையின் மேல் நான் கையை வைத்தேன். முன்னால் கண்ணாடியில் அண்ணாச்சி பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார்.

கடைசி நாள் கடலோரத்துச் சிப்பி மேட்டுக்குப் போனோம். பழைய காலத்து மனிதர்கள் தின்று போட்ட சிப்பி ஓடுகள் குவிந்து மேடாகிப் போன இடம். சுற்றிலும் உப்பு மண், எட்டத்தில் கடல். குளிர்கால வெயில் இதமாக இருந்தாலும் காற்று விடாமல் அடித்தது. அவள் மேட்டின் மேல் நின்றாள். எதிரே கேமரா. கேமராவுக்குப் பக்கத்தில், அவளை ஒரு முறையாவது வேலை செய்யும்போது நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்று நான்.

"வணக்கம்" என்று ஆரம்பித்தாள். நாலு வாக்கியம் சரியாக வந்தது. பிறகு கண் என் பக்கம் வந்துவிட்டது.

"மேடம், லென்ஸ்" என்றார் இயக்குநர்.

மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி கண் நழுவியது. அடுத்த முறை சிரித்துவிட்டாள். அதற்கடுத்த முறை சொல்ல வந்ததே மறந்துபோனது. ஒரே மூச்சில் பேசி முடிப்பவள் என்று பெயர் வாங்கியவள். இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். "என்னன்னு தெரியல, ஸாரி, ஸாரி" என்று அவளுக்கே தன் மேல் எரிச்சல். நான் உற்சாகப்படுத்தலாம் என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அதில் இன்னொரு முறை கெட்டது.

கேமராக்காரர் கேமராவை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. வண்டிக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் போயிடறீங்களா?"

"நிழல் விழுதா?" என்று கேட்டேன்.

"நிழல் இல்ல சார்." தயங்கினார். "மொத நாள் ஷூட்டிங்ல அவங்களுக்கு லென்ஸப் பாத்தா பேச்சே வரல. எல்லாருக்கும் சொல்ற மாதிரி நான்தான் சொன்னேன், யாராவது ஒருத்தர லென்ஸுக்கு அந்தப் பக்கம் மனசுல உக்கார வச்சுக்குங்க, அவர்கிட்ட பேசுங்கன்னு. அதுக்கப்புறம் தடங்கலே கிடையாது. யாருன்னு ஒரு நாள் கேட்டதுக்கு உங்களச் சொன்னாங்க. இப்ப நீங்க ரெண்டு எடத்துல நிக்கிறீங்க. அவங்க யார்கிட்ட பேசுவாங்க?"

நான் நடந்தேன். வண்டிக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி மணலில் கால் நீட்டி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டி அவளை முழுக்க மறைத்தது.

"வெரட்டிட்டாவளா?" என்றார்.

"ஆமா."

ஆரஞ்சில் பாதியைக் கொடுத்தார்.

காற்றில் அவள் சொற்கள் வந்து சேரவில்லை. குரல் ஏறுவதும் இறங்குவதும் மட்டும் கேட்டது. நிற்கவே இல்லை. ஒரு முறைகூடத் தடுமாறாமல் அது போய்க்கொண்டே இருந்தது. அவள் பேசுவதை நேருக்கு நேர் பார்க்கக் கிடைத்த ஒரே நாளில், என்னோடு பேசுவதற்காக அவள் என்னை அப்பால் அனுப்ப வேண்டியிருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. தாழியைப் பற்றியும் கல்வெட்டைப் பற்றியும் வாரா வாரம் அவள் சொன்னதெல்லாம் எனக்குத்தான் என்றால், நான் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டு கேட்டது எத்தனை, கேட்காமல் விட்டது எத்தனை. அண்ணாச்சி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். "மண்ணு பறக்கு வே, கண்ணத் தொடச்சுக்கிடும்" என்றார்.

அந்தப் பக்கம் எல்லோரும் கை தட்டும் சத்தம் கேட்டது. முடிந்துவிட்டது.

சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது அவளை அலையோரம் கூட்டிப் போனேன். மாலை விமானம். இதற்கு மேல் நேரம் கிடையாது.

"இங்க வந்துரு" என்றேன். "டிவிய விட்ரு. இங்கயும் மணல் இருக்கு, எவ்வளவு வேணும்னாலும் வயசு பாரு."

கடைசி வாக்கியத்துக்கு அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. துப்பட்டா காற்றில் பறந்து என் முகத்தில் அடித்தது, எடுத்துவிட்டாள்.

"வீடு நல்லாருக்கு. திரைச்சீல நல்லாருக்கு" என்றாள். "எனக்குப் பாத்ததும் தெரிஞ்சு போச்சு, நீ கேப்பன்னு."

"கேட்டுட்டேன். பதில் சொல்லு."

"சொல்லிட்டேன். இப்ப அங்க நின்னு சொன்னேன். எழுதிட்டு வந்ததுல அது கெடையாது, தானா வந்துட்டு." மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். "எடிட்டிங்ல வெட்டலன்னா நீயே கேப்ப. கேட்டுட்டு, அதுக்கப்புறமும் என்ன வரச் சொன்னேன்னா நான் வாறேன். சத்தியமா வாறேன்."

"இப்பவே சொல்லேன்."

"மூஞ்சியப் பாத்து என்னால முடியல." இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

விமான நிலையத்தில் மற்றவர்கள் முன்னால், "உடம்பப் பாத்துக்கோங்க" என்றாள். அந்த 'ங்க' என்னைச் சிரிக்க வைக்கவில்லை.

நிகழ்ச்சி வரப் பல வாரம் பிடித்தது. தினமும் போனில் பேசினோம். சாப்பாடு, மோட்டார், சுகர். அதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இயக்குநருக்குப் போன் போட்டு வெட்டிவிடாதீர்கள் என்று சொல்லலாமா என்று ஒரு நாள் எண்ணைக்கூட எடுத்தேன். என்னத்தை வெட்டாதீர்கள் என்று சொல்வது? எனக்கே தெரியாதே. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் சாயங்காலங்களில் பழைய அறையில் போய் உட்கார்ந்துகொள்வேன். அண்ணாச்சி ஏன் எதற்கு என்று கேட்காமல் எனக்கும் சேர்த்து டீ போடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. பரோட்டா பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை; நான் வேண்டாம் என்றேன். அருங்காட்சியகம் வந்தது. மணிகள் வந்தன. விளக்குக் கம்பியின் நிழல் ஒரு ஓரத்தில் தெரிந்தது, அது நான். பிறகு சிப்பி மேடு. அவள் நேராகப் பார்த்தாள். அண்ணாச்சி அன்றைக்கு உரிமை கொண்டாடவில்லை.

"இந்தக் கரைக்கு நம்ம பக்கத்திலேருந்து ஆளுங்க வந்திருக்காங்க" என்றாள். டிவிக்கான 'செய்கிறோம்' தமிழ் மெல்ல இளகிக்கொண்டே வந்தது. "அவங்க கொண்டு வந்த பானைங்க உடைஞ்சு ஓடாக் கிடைக்குது. என்ன சரக்கு ஏத்திக்கிட்டு வந்தாங்க, எந்தக் காத்துல வந்தாங்க, திரும்பிப் போக எந்தக் காத்துக்காகக் காத்துக்கிட்டிருந்தாங்கன்னு ஓரளவு நம்மால சொல்லிட முடியும். வந்தவங்களப் பத்தி எவ்வளவோ தெரியும்."

பின்னால் கடல் தெரிந்தது. கேமரா கொஞ்சம் திரும்பியபோது, அன்றைக்கு என்னையும் அண்ணாச்சியையும் மறைத்து நின்ற வண்டியின் வெள்ளை முனை ஒரு நொடி தெரிந்து மறைந்தது.

"வராம அங்கேயே இருந்தவங்களப் பத்தித்தான் ஒண்ணும் தெரியல. போன ஆளு வருவாரு வருவாருன்னு இருந்தவங்க, அந்த வருஷமெல்லாம் எப்படி இருந்தாங்க? அதுக்கு ஓடு கிடையாது. காத்திருந்தது எந்த மண்ணுலயும் தங்கல. அத எந்தக் கருவியாலயும் கணிக்க முடியாது. எனக்குத் தெரியும், நான் கணிச்சுப் பாத்துட்டேன். அந்தப் பொண்ணுங்ககிட்ட யாராவது கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாங்க? நீயும் வந்துருன்னு கூப்பிட்டா கப்பல் ஏறிடலாம். ஏறியும் இருப்பாங்க. ஆனா அவங்களுக்கும் அங்க ஒரு வேலை இருந்திருக்கும். ஒரு அடுப்பு, ஒரு வயல், கையில ஒரு தொழில். நான் வரேன்னு ஒரு தடவ அந்த ஆளு சொல்ல மாட்டானான்னு காத்திருப்பாங்க. அவ்வளவுதான்."

பிறகு வழக்கம்போல் சிரித்து, அடுத்த வாரம் பார்ப்போம் என்று வணக்கம் சொன்னாள். பல்பொடி விளம்பரம் வந்தது.

அண்ணாச்சி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். அவரும் இருபது வருஷத்துக்கு மேலாக இங்கே இருக்கிறவர். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போனப் போடும் வே" என்றார். "யோசிச்சுக்கிட்டிராதேயும். யோசிச்சவனெல்லாம் என்னய மாதிரி இங்கதான் இருக்கான்."

படிக்கட்டில் உட்கார்ந்து போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"வெட்டல பாரு."

"வெட்டல."

அவளுடைய மூச்சு கேட்டது. கேள்வியை நான் மறுபடி கேட்பேனா என்று அவள் காத்திருந்தாள். கேட்டிருந்தால் வந்திருப்பாள், சத்தியம் செய்திருந்தாள். ஸ்டுடியோ வீடும் காலி அலமாரியும் என் மனதில் வந்து போயின.

"நான் வாறேன்" என்றேன்.

"லீவுக்கா?"

"இல்ல."

அரைமணி நேரம் தடங்கலில்லாமல் பேசுகிறவள், அதற்கு மேல் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நானும் போனை வைக்கவில்லை.